பற்று வரவு: நவீனத் தமிழ் உரைநடையில் எளிய உணவகம்

ஆய்வுச்சுருக்கம்

காப்பி கிளப், தேநீர்க்கடை, சாப்பாட்டுக்கடை ஆகிய எளிய உணவகங்கள் அண்மைக்காலத் தமிழ் எழுத்தில் பெரும்பாலும் சுவையின் இடங்களாகவும் தனிப்பாங்கின் இடங்களாகவும் போற்றப்படுகின்றன. நவீன உரைநடையின் குறிப்பிடத்தக்க ஆக்கங்களோ அவற்றைக் கணக்கின் இடங்களாகக் காண்கின்றன. யார் உள்ளே அமரலாம், யார் எவ்வளவு தரவேண்டும், உண்டதைத் திருப்பித் தர முடியுமா என்னும் வினாக்களே அங்குக் கதையை நகர்த்துகின்றன. புதுமைப்பித்தனின் ‘கடவுளும் கந்தசாமிப் பிள்ளையும்’, பாமாவின் ‘கருக்கு’, ஜெயமோகனின் ‘சோற்றுக்கணக்கு’ ஆகிய மூன்றையும் முதன்மைச் சான்றுகளாகக் கொண்டு இக்கட்டுரை இதனை ஆராய்கிறது.

திறவுச்சொற்கள்: உணவகம், காப்பி கிளப், சோறு, கொடை, தீண்டாமை, புதுமைப்பித்தன், பாமா, ஜெயமோகன்.

முன்னுரை

தமிழ்நாட்டுச் சிறு உணவகத்திற்கெனச் சில அடையாளங்கள் உண்டு. அமர்ந்தவுடன் அன்றைய பலகாரங்களை ஒரே மூச்சில் ஒப்பிக்கும் சப்ளையர். உண்டவர் கைகழுவி வருவதற்குள் எத்தனை இட்லி, எத்தனை வடை என்று மனத்திலேயே கூட்டிக் கல்லாவை நோக்கித் தொகையைக் கூவும் அவருடைய நினைவாற்றல். பிய்த்துப்போட்ட பரோட்டாவின்மேல் கேளாமலே ஊற்றப்படும் சால்னா. டபராவுக்கும் டம்ளருக்கும் இடையே ஒரு முழம் நீளும் காப்பி. சாமி படங்களுக்குக் கீழே ‘கடன் அன்பை முறிக்கும்’, ‘இன்று ரொக்கம் நாளை கடன்’, ‘இங்கு அரசியல் பேசாதீர்’ என்னும் பலகைகள். ஊர்தோறும் உள்ள இத்தகைய கடைகளைத் தேடிச் சென்று எழுதுவது இன்று தனியொரு எழுத்துவகையாகவே வளர்ந்துள்ளது. அவ்வெழுத்து மேற்கண்ட அடையாளங்களை விரும்பித் தொகுக்கிறது. மலிவு, எளிமை, கடைக்காரரின் விசித்திரமான பிடிவாதங்கள், மாறாத சுவை என்பன அதன் பாராட்டுச் சொற்கள்.

இத்தொகுப்பில் ஒரு மறதி இருக்கிறது. மேலே சுட்டிய பலகைகள் மூன்றில் இரண்டு பணத்தைப் பற்றியவை. சப்ளையரின் வியப்பூட்டும் நினைவாற்றல் என்பதும் மனக்கணக்கே. வாடிக்கையாளருக்கு வேடிக்கையாகத் தோன்றுபவற்றுள் பல, சிறு முதலில் நடத்தப்படும் ஒரு தொழில் தன் பற்றையும் வரவையும் காத்துக்கொள்வதற்காகக் கண்டுபிடித்த வழிகளாகும். நவீனத் தமிழ் உரைநடை இதனை நெடுங்காலத்திற்கு முன்பே கண்டுகொண்டது. உணவகம் இடம்பெறும் சிறந்த ஆக்கங்களில் சுவையைப் பற்றிய சொற்கள் குறைவாகவும் கணக்கைப் பற்றிய சொற்கள் மிகுதியாகவும் இருப்பது தற்செயலன்று.

சோறும் பலகாரமும்

உணவை விற்பதைத் தமிழ் மரபு ஒரே தன்மையுடைய செயலாகக் கருதவில்லை. பலகாரம் செய்து விற்கும் கூவியரைப் பெரும்பாணாற்றுப்படையும் சிலப்பதிகாரமும் இயல்பாகவே குறிப்பிடுகின்றன. நகரத்து வாழ்வில் அவர்கள் பிற வணிகரோடு ஒருவராகவே இடம்பெறுகின்றனர். சோறு என வரும்போது காட்சி மாறுகிறது. ஆற்றுப்படை நூல்களில் வழிச்செல்லும் பாணர்க்கும் கூத்தர்க்கும் நிலந்தோறும் கிடைப்பது விலைக்கு வாங்கிய உணவன்று, விருந்து. பட்டினப்பாலை காட்டும் சோறாக்கும் சாலைகளில் வடித்த கஞ்சி தெருவில் ஓடுகிறது. மணிமேகலையின் கையிலுள்ள அமுதசுரபிக்கு விலை இல்லை. 1867இல் வள்ளலார் வடலூரில் தொடங்கிய தருமச்சாலையின் அணையா அடுப்பு இம்மரபின் அண்மைக்கால வடிவம்.

ஆக, பலகாரம் விற்பனைக்குரியது. சோறு கொடைக்குரியது என்னும் பிரிவு பண்பாட்டு நினைவில் ஆழப் பதிந்துள்ளது. நடைமுறையில் சோறு விற்கும் கடைகள் பெருகிய பின்னரும் இந்நினைவு அழியவில்லை. மதுரை மாவட்டம் திருமங்கலத்தை அடுத்த வடக்கம்பட்டியிலிருந்து கிளம்பிய குடும்பங்கள் பல ஊர்களில் ‘முனியாண்டி விலாஸ்’ என்னும் பெயரில் அசைவ உணவகங்களை நடத்துகின்றன. நாள் வருமானத்தில் ஒரு பகுதியை ஊர்ச்சாமிக்கென ஒதுக்கி, தை மாத விழாவில் பிரியாணி சமைத்து வந்தவர்க்கெல்லாம் வழங்குவது அவர்களது வழக்கம். ஆண்டு முழுவதும் விற்றவர்கள் ஒரு நாள் கொடுக்கிறார்கள். கல்லாப்பெட்டியின் ஓரத்தில் ஓர் உண்டியலும் இருந்தாகவேண்டும் என்னும் உணர்வு இதிலிருந்து புலனாகிறது.

நவீனப் புனைவில் இப்பிரிவு தொனியையே தீர்மானிக்கிறது என்பது இங்கு முன்வைக்கப்படும் கருத்து. காப்பியும் வடையும் வரும் இடங்களில் அங்கதமும் கூர்மையும் மேலோங்குகின்றன. சோறு வரும் இடத்தில் எழுத்து அறத்தின் மொழிக்கு மாறிவிடுகிறது. முன்னதற்குப் புதுமைப்பித்தனும் பின்னதற்கு ஜெயமோகனும் சான்று. பாமாவின் எழுத்து இவ்விரண்டிற்கும் வெளியே நின்று இரண்டையும் கேள்விக்குள்ளாக்குகிறது.

புதுமைப்பித்தனின் சில்லறை

1943இல் வெளிவந்த ‘கடவுளும் கந்தசாமிப் பிள்ளையும்’ கதை ஓர் எண்கணிதத்தோடு தொடங்குகிறது. சென்னைப் பிராட்வே முனையில் நிற்கும் பிள்ளையின் கையிருப்பு சில காசுகள். டிராமில் போனால் வெற்றிலைக்கு மிஞ்சும். பஸ்ஸில் ஏறிக் கண்டக்டரைச் சற்று ஏமாற்றினால் அரைக் கோப்பை காப்பி கிட்டும், ஆனால் வெற்றிலை கிட்டாது. கதைமாந்தரின் வர்க்கம், பழக்கம், நாணயத்தின் அளவு ஆகிய அனைத்தையும் இந்த ஒரு கணக்கிலேயே புதுமைப்பித்தன் சொல்லிவிடுகிறார். காப்பி இங்கு ஆசையின் அலகு. தமிழ் நடுத்தர வர்க்கம் தன்னை அடையாளப்படுத்திக்கொண்ட பானமாகக் காப்பி எவ்வாறு ஆனது என்பதை ஆ. இரா. வேங்கடாசலபதி ‘அந்தக் காலத்தில் காப்பி இல்லை’ கட்டுரையில் விரிவாகக் காட்டியுள்ளார். அவ்வரலாற்றின் ஒரு கணத்தை இக்கதையின் முதற்பத்தியில் காணலாம்.

இந்நிலையில்தான் கடவுள் வழி கேட்டு வருகிறார். இருவரும் ஹோட்டலுக்குள் நுழைகின்றனர். அங்கு நிகழ்பவற்றைப் பெரும்பாலான ஆய்வுகள் கடவுட் கருத்தின் மீதான அங்கதமாக மட்டுமே விளக்கி அமைகின்றன. உணவகம் வெறும் பின்புலமாகிவிடுகிறது. ஆனால் அங்கதம் முழுவதும் உணவகத்தின் நடைமுறைகளிலிருந்தே பிறக்கிறது. ‘கப்’ என்னும் சொல்லுக்குப் பன்மை விகுதி எங்கே சேர்ப்பது என்ற இலக்கணச் சிக்கல், பையனிடம் காப்பி கேட்கும் நேரத்தில்தான் எழமுடியும். காப்பியின் சுவையில் தம் திருவிளையாடலைக் காணும் கடவுளிடம், அது ஹோட்டல்காரன் சேர்த்த சிக்கரியின் விளையாட்டு என்கிறார் பிள்ளை. சிக்கரிக்கு அவர் தரும் விளக்கமோ தெய்வத்தின் பெயரால் நடக்கும் ஏமாற்றுகளை உவமையாகக் கொள்கிறது. கலப்படம் என்னும் கடைத்தெரு உண்மை இறையியலாக மாறும் இடம் இது.

கதையின் உண்மையான சோதனை பில் வரும்போது தொடங்குகிறது. கடவுள் நீட்டுவது நூறு ரூபாய் நோட்டு. சில அணாக்களுக்கான பில்லுக்கு அத்தகைய நோட்டு வந்தால் கல்லாவில் இருப்பவருக்கு எழும் ஐயம், சில்லறை மாற்றவே இவர்கள் காப்பி குடித்தார்கள் என்பது. எல்லாம் வல்லவரின் வல்லமை கல்லாப்பெட்டியின் முன் ஒரு சந்தேகமாகச் சுருங்குகிறது. கடவுளிடம் பணம் இல்லாமலில்லை. அந்த இடத்தின் அளவுக்குப் பொருந்திய பணம் இல்லை. சிறு உணவகம் சில்லறையால் இயங்குவது. பெருந்தொகை அதனை நிலைகுலையச் செய்யும். இவ்வுண்மையை அறிந்தவரால் மட்டுமே இக்காட்சியை எழுதியிருக்க முடியும். பிள்ளைக்கும் கடவுளுக்கும் இடையே பின்னர் வளரும் நட்பிற்கு இக்கல்லாப்பெட்டிக் காட்சியே அடித்தளம். வரம் தருபவர், வரம் பெறுபவர் என்னும் உறவு தொடங்குமுன்னரே இருவரும் ஒரே பில்லின் முன் நின்றுவிட்டனர்.

ஆயினும் இக்கதையின் உணவகத்தில் ஒரு வினா எழவேயில்லை. பிள்ளை உள்ளே நுழையத் தயங்குவது காசுக்காக; வேறு எதற்காகவும் அல்ல. அக்காலச் சென்னையில் அனைவருக்கும் தயக்கம் காசோடு நின்றதா?

காப்பி ஆற்றும் கையும் நூல் கட்டிய பொட்டலமும்

நிற்கவில்லை என்பதற்கு வரலாறு சான்று. இரயில் நிலைய உணவகங்களில் பிராமணர்க்கும் பிறர்க்கும் தனித்தனி இடம் ஒதுக்கப்பட்டிருந்த வழக்கம், பெரியாரின் தொடர் எதிர்ப்புக்குப்பின் 1941இல்தான் முடிவுக்கு வந்தது. உணவகப் பெயர்ப்பலகைகளில் ‘பிராமணாள்’ என்னும் சொல் இருப்பதை எதிர்த்து 1957இல் திருவல்லிக்கேணி முரளி கபேயின் முன் அவர் நடத்திய போராட்டம் நெடுநாள் நீடித்தது. திருவல்லிக்கேணி, புதுமைப்பித்தனின் கடவுள் வழி கேட்ட அதே ஊர். இன்று ‘பழைய காலத்துப் பலகை’ என்று நிழற்படம் எடுத்துப் போற்றத்தக்கதாகத் தோன்றும் ஒரு பொருள், அன்று சிறை செல்லும் அளவுக்கு மக்கள் எதிர்த்த பொருளாக இருந்தது. பலகையின் எழுத்து ஒரு விளம்பரம் மட்டுமாக இருக்கவில்லை. சமைப்பவர் யார் என்று உறுதியளிப்பதன் வழியாக உண்பவர்களை அது தரம்பிரித்தது.

சட்டமும் இதனை அறிந்திருந்தது. இந்திய அரசமைப்பின் பிரிவு 15(2), கடைகளிலும் பொது உணவகங்களிலும் எவரையும் சாதியின் பெயரால் தடுக்கலாகாது என்கிறது. 1955ஆம் ஆண்டின் தீண்டாமைக் குற்றங்கள் சட்டம் இன்னும் ஒருபடி சென்று, பொது உணவகத்தில் வைக்கப்பட்டுள்ள பாத்திரங்களைப் பயன்படுத்த விடாமல் தடுப்பதையும் குற்றமாக்கியது. ஒரு டம்ளருக்காக நாடாளுமன்றம் சட்டம் இயற்ற வேண்டியிருந்தது. ‘இரட்டைக் குவளை’ என்னும் தொடரைத் தமிழ்ப் பொதுவாழ்வு அறிந்திருக்கும் வரையில், தேநீர்க்கடைக் குவளை வெறும் அழகியற்பொருளாக முடியாது.

பாமாவின் ‘கருக்கு’ (1992) இதனை எந்த முழக்கமும் இன்றிக் காட்டுகிறது. பள்ளியிலிருந்து வீடு திரும்பும் சிறுமிக்குக் கடைத்தெரு ஒரு திருவிழா. வித்தை காட்டுவோர், கருவாட்டுக்கடை, மிட்டாய்க்கடை என ஒவ்வொன்றாக நின்று பார்ப்பதால் சில நிமிட நடை நெடுநேரம் நீள்கிறது. அவ்வரிசையில் காப்பிக் கடைகளும் உண்டு. கடைக்காரர் ஒரு கையிலுள்ள டம்ளரை உயரத் தூக்கி மற்றொரு கை டம்ளரில் ஊற்றிக் காப்பியை ஆற்றும் விதமும், வெங்காயம் நறுக்குவோர் கண் எரியாதிருக்க முகத்தை வேறுபக்கம் திருப்பிக்கொள்ளும் விதமும் சிறுமியின் கண்ணில் பதிகின்றன. எளிய உணவகத்தின் வசீகரத்தைத் தமிழில் இவ்வளவு துல்லியமாகவும் சிக்கனமாகவும் பதிவுசெய்த பகுதிகள் சிலவே.

அடுத்து வருவது பொட்டலம். சேரியின் பெரியவர் ஒருவர் கடைத்தெருப் பக்கமிருந்து, எண்ணெய் ஊறிய பலகாரப் பொட்டலத்தை அதன் நூலை மட்டும் பிடித்துத் தூக்கிக்கொண்டு வருகிறார். உள்ளே வடையோ பஜ்ஜியோ இருக்கும் என்று சிறுமி ஊகிக்கிறாள். அப்படிப் பிடித்தால் பொட்டலம் அவிழ்ந்து விழாதா என்று நினைத்துச் சிரிக்கிறாள். பெரியவர் அதனைப் பணிந்து களத்தில் அமர்ந்திருக்கும் நிலவுடைமையாளரிடம் தருகிறார். அவர் பிரித்து உண்கிறார். வீட்டில் அண்ணனிடம் இதனை வேடிக்கையாகச் சொன்னபோதுதான் காரணம் தெரிகிறது. தொட்டால் தீட்டு.

இவ்விரு காட்சிகளுக்கும் இடையே பாமா எந்த இடைவெளியும் விடவில்லை. அதுவே அப்பகுதியின் வலிமை. காப்பி ஆற்றும் கையைக் கண்டு வியந்த அதே கண், அதே சிரிப்போடு, நூலைப் பிடித்த கையையும் காண்கிறது. சிறுமிக்கு இரண்டும் விசித்திரங்கள். இரண்டாவதன் பொருள் தெரிந்தபின் முதலாவதையும் பழையபடி பார்க்க முடியாதபடி ஆகிறது. அந்தக் காப்பிக் கடைகளைச் சிறுமி எப்போதும் தெருவில் நின்றே பார்க்கிறாள் என்பது அப்போதுதான் வாசகருக்கு உறைக்கிறது. இப்பகுதியில் அவள் எங்கும் உள்ளே சென்று அமர்வதில்லை. பலகாரம் விற்பனைக்குரியது, ஆகவே காசுள்ள எவரும் வாங்கலாம் என்னும் எளிய விதி இங்கு முறிகிறது. காசு கைமாறிய பின்னும் பொட்டலம் வாங்கியவர் கைக்கு உரியதாகவில்லை. புதுமைப்பித்தனின் கணக்கில் இல்லாத ஒரு பத்தியைப் பாமா சேர்க்கிறார்.

வேடிக்கை என்னும் உணர்வைப் பாமா மறுக்கவில்லை என்பதும் குறிக்கத்தக்கது. தலித் தன்வரலாறுகளை இழிவுகளின் பட்டியலாக மட்டும் வாசிக்கும் பழக்கம் கல்விப்புலத்தில் உண்டு. வகுப்பறைகளில் இப்பகுதி பொட்டலக் காட்சியிலிருந்தே தொடங்கப்படுவதும் அப்பழக்கத்தின் விளைவே. கடைத்தெரு இன்பத்தை நீக்கிவிட்டுப் படித்தால் அண்ணனின் விளக்கம் ஒரு தகவலாகிவிடும்.

உண்டியல்

ஜெயமோகனின் ‘சோற்றுக்கணக்கு’ 2011இல் எழுதப்பட்டு ‘அறம்’ தொகுப்பில் இடம்பெற்றது. அண்மைக்காலத் தமிழ்ச் சிறுகதைகளுள் மிகுதியாக வாசிக்கப்பட்டவற்றுள் ஒன்று. திருவனந்தபுரம் சாலைப் பகுதியில் கெத்தேல் சாகிப் நடத்தும் சாப்பாட்டுக்கடையில் விலைப்பட்டியல் இல்லை, பில்லும் இல்லை. உண்டவர் விரும்பியதை மறைவாக வைக்கப்பட்ட உண்டியலில் போட்டுச் செல்லலாம், போடாமலும் செல்லலாம். யார் எவ்வளவு போட்டார் என்று சாகிப் பார்ப்பதில்லை. அச்சமூட்டும் பேருருவமும் மிகக் குறைந்த பேச்சும் கொண்ட அவர் பரிமாறுவதில் மட்டும் கட்டாயக்காரர். குமரிப் பகுதியிலிருந்து படிக்க வந்த ஏழை மாணவன் கூச்சத்தால் போதும் என்றாலும் அதட்டி மீனும் கறியும் இடுகிறார்.

இக்கதை பற்றிய பொதுவான வாசிப்பு சாகிப்பை வள்ளலார் வழிவந்த அன்னதானத்தின் உருவமாகக் காண்கிறது. ‘உண்மை மனிதர்களின் கதைகள்’ என்னும் தொகுப்பின் அறிவிப்பு இவ்வாசிப்பை மேலும் உறுதிப்படுத்துகிறது. வாசகர் கதையை விட்டுவிட்டு மனிதரை வணங்கத் தொடங்கிவிடுகின்றனர். ஆனால் கதையின் தலைப்பில் சோறு மட்டும் இல்லை, கணக்கும் இருக்கிறது. சாகிப் நடத்துவது தருமச்சாலையும் அன்று. தருமச்சாலையில் உண்டியல் இருந்தால் அது தருமத்திற்கு உதவ விரும்பும் புரவலர்க்கானது. சாகிப்பின் உண்டியலோ உண்டவர்க்கானது. அவர் சோற்றுக்கு விலை இல்லை என்று சொல்லவில்லை; விலையைச் சொல்லும் பொறுப்பை உண்பவரிடம் ஒப்படைக்கிறார்.

இவ்வேறுபாட்டிலிருந்தே கதையின் அமைப்பு விளங்கும். மாணவனுக்கு முதலில் சோறு போட்டவள் மாமி. அவள் அவன் தின்ற சோற்றுக்குப் பற்றுக்கணக்கு வைக்கிறாள். அந்தக் கணக்குக் கொடியது. ஆனால் அதற்கு ஒரு தொகை உண்டு, தொகையைத் தந்தால் கணக்கு முடியும். சாகிப்பிடம் பற்று எழுதப்படுவதில்லை. ஆகவே அது முடிவதுமில்லை. ஆண்டுக்கணக்கில் உண்டவன் வேலைக்குச் சேர்ந்தபின் சீட்டு எடுத்த பெருந்தொகையைக் கொண்டுவந்து உண்டியல் நிறையப் போடுகிறான். சாகிப்பின் முகத்தில் எந்த மாற்றமும் இல்லை. வழக்கம்போல் இலையில் சோறு விழுகிறது, வழக்கம்போல் அதட்டல். அவன் போட்ட தொகைக்கு அங்கே எந்த மதிப்பும் வாங்க முடியவில்லை.

கொடை என்பது திருப்பித் தரும் கடப்பாட்டையும் உடன்கொண்டது என்றார் மானிடவியலாளர் மார்செல் மோஸ் (1925). பெறுபவர் திருப்பித் தராதவரை தருபவரின் கை மேலே நிற்கும். சாகிப் இச்சுழற்சியை அறுக்கும் முறை நுட்பமானது: தருவதையும் பெறுவதையும் ஒரே முகத்தோடு, அதாவது எந்த முகமும் காட்டாமல் செய்கிறார். ஒப்புரவறிதல் அதிகாரத்தில் திருவள்ளுவர் மழையை உவமையாக்கியது இங்கு நினைவுக்கு வரலாம். மழைக்கு நன்றி சொன்னாலும் அது கேட்பதில்லை. நன்றியை ஏற்றுக்கொள்வதும் ஒருவகை வசூலே என்பதைச் சாகிப்பின் மௌனம் உணர்த்துகிறது. சிறு உணவகங்களைப் பற்றிய எழுத்து ‘சிடுசிடுப்பான, ஆனால் நல்ல மனமுடைய கடைக்காரர்’ என்னும் வார்ப்புருவை விரும்பிப் பயன்படுத்தும். அவ்வார்ப்புருவையே எடுத்துக்கொண்ட ஜெயமோகன், சிடுசிடுப்பை ஓர் அறவியல் தேவையாக மாற்றியிருப்பது கதையின் பெரிய வெற்றி. சாகிப் இனிமையாகப் பேசியிருந்தால் மாணவன் கடன்பட்டவனாகியிருப்பான்.

எனினும் கதை தன் முடிவில் இவ்வுயரத்தைக் காத்துக்கொண்டதா என்பது கேட்கப்படவேண்டும். சாகிப்பிடம் செலுத்த இயலாத நன்றி வேறு திசையில் செலவிடப்படுகிறது. நொடித்துப்போன மாமியின் மகளை மணக்க அவன் முடிவெடுக்கிறான். எத்தனை கொடுமையாக இருந்தாலும் முதலில் சோறிட்ட கை மாமியுடையது. அந்தப் பற்றையும் தீர்க்கவேண்டும் என்பது அவன் உணர்வு. வாசகரை நெகிழச் செய்யும் இம்முடிவில் ஒரு முரண் மறைந்துள்ளது. கணக்கற்ற கொடையைக் கற்றுக்கொண்டவன், அக்கல்வியின் முதற்பயனாகப் பழைய கணக்கொன்றை நேர்செய்கிறான். நேர்செய்யும் நாணயமாக ஒரு பெண் வைக்கப்படுகிறாள். ராமலட்சுமியின் விருப்பம் கதையில் எடைபெறும் வினாவாகவே எழவில்லை. அவளுக்குச் செய்யப்படும் உதவியாகத் திருமணத்தைக் காணலாம் என்பர். அவ்வாறாயின், அவ்வுதவியை அவள் சாகிப்பின் கடையில் உண்பவரைப்போல, தந்தவரின் முகம் பாராமல் ஏற்கவும் மறுக்கவும் முடியவேண்டும். உண்டியல் மறைவாக இருப்பது அதற்காகவே. திருமணத்தில் அத்தகைய மறைவு ஏது? வாழ்நாள் முழுவதும் சோறிட்டவன் எதிரே அமர்ந்திருப்பான்.

இக்குறை கதையின் மதிப்பை அழித்துவிடுவதில்லை. சோறு என்றவுடன் அறத்தின் மொழிக்கு மாறும் தமிழ் எழுத்தின் பழக்கமே இங்கும் செயல்படுகிறது. கதை தன் உணவகத்தில் கண்டுபிடித்த புதியதைத் தன் குடும்பக் காட்சியில் பழையதன்வழி முடித்துக்கொள்கிறது. உணவகம் வீட்டைவிட முற்போக்கானதாக அமைந்துவிட்ட விந்தையை ஆசிரியர் உணர்ந்திருப்பாரா என்பதற்குக் கதைக்குள் சான்றில்லை.

விலையின் கண்ணியத்தை வேறொரு கோணத்திலும் காணலாம். 2013இல் சென்னை மாநகராட்சி தொடங்கிய அம்மா உணவகங்களில் ஓர் இட்லி 1 ரூபாய், சாம்பார் சாதம் 5 ரூபாய், தயிர் சாதம் 3 ரூபாய். இத்தொகைகள் ஆக்கும் செலவுக்கு ஈடாகமாட்டா என்பது எல்லார்க்கும் தெரியும். முற்றிலும் இலவசமாக்கியிருக்கலாமே என்னும் வினா எழுவது இயல்பு. ஒரு ரூபாய் கொடுத்து டோக்கன் பெறுபவர் பயனாளி என்னும் பெயரிலிருந்து சற்று விலகி வாடிக்கையாளராகிறார். சாம்பாரில் உப்பில்லை என்று சொல்லும் உரிமை அவருக்குக் கிடைக்கிறது. சாகிப்பின் உண்டியல் உண்பவரின் கையிலேயே விட்ட விலையை, இங்கு அரசு மிகச் சிறிதாக நிர்ணயித்துள்ளது. இரண்டும் இரந்துண்ணும் நிலையைத் தவிர்க்கக் கண்ட வழிகள்.

பரிமாறுவோர்

மேற்கண்ட மூன்று ஆக்கங்களிலும் கணக்கு என்பது உண்பவர்க்கும் உடைமையாளர்க்கும் இடையிலானது. இடையே நிற்பவர் ஒருவர் உண்டு. சரக்கு மாஸ்டர், டீ மாஸ்டர், சப்ளையர், இலை எடுப்பவர், மேசை துடைக்கும் சிறுவன் எனப் பலராக உணவகத்தை இயக்குவோர் பெரும்பாலும் கதையின் விளிம்பிலேயே நிற்கின்றனர். புதுமைப்பித்தனிடம் அவர் ‘பையன்’. பாமாவிடம் காப்பி ஆற்றும் ஒரு கை. ஜெயமோகனிடம் உடைமையாளரே பரிமாறுவதால், சமையலறைக்குக் கதை செல்லவேண்டிய தேவை எழவில்லை.

இவர்களை நடுவில் நிறுத்திய ஆக்கமாக 1960களில் ஜெயகாந்தன் எழுதிய ‘யாருக்காக அழுதான்?’ குறுநாவலைச் சுட்டலாம். தங்கும் விடுதியில் எடுபிடி வேலைசெய்யும் ஜோசப், விடுதியில் தங்கியவரின் பணம் காணாமற்போனபோது திருட்டுப் பழியைச் சுமக்கிறான். பணம் காணவில்லை என்றதும் ஐயம் எவர்மேல் விழுகிறது என்பதே அக்கதையின் அச்சு. புதுமைப்பித்தனின் கடவுள் பெரிய நோட்டை நீட்டிச் சந்தேகத்திற்கு ஆளானார். ஆயினும் சில்லறையோடு வெளியேறினார். ஜோசப்பிடம் நோட்டே இல்லை. பணம் கையில் இல்லாதவன் மீதுதான் பணம் எடுத்தான் என்னும் பற்று எழுதப்படுகிறது. அவனோ தன் பக்கத்தை எடுத்துரைக்கும் சொல்வன்மை அற்றவன்; அடிக்கும் கைகளுக்கு முன்னும் அவன் வாதிடுவதில்லை.

ஜெயகாந்தன் இக்கதையை மனிதாபிமானத்தின் மேடையாக்குகிறார் என்னும் விமர்சனம் நியாயமானதே; ஜோசப்பின் களங்கமின்மை சில இடங்களில் அளவு கடந்து ஒளிர்கிறது. ஆயினும் கல்லாவுக்கும் மேசைக்கும் இடையே நாள்முழுதும் நடந்துகொண்டிருப்பவனின் பக்கத்திலிருந்து விடுதியைப் பார்த்த பார்வை அதில் உண்டு. இரண்டு வேளைச் சோறும் படுக்க ஓர் இடமும் கூலியின் பகுதியாகவே கழிக்கப்படும் தொழிலில், சோறு விற்பனையா கொடையா என்னும் பழைய வினாவிற்கு மூன்றாவதாக ஒரு விடையும் இருப்பதை ஜோசப்பின் வாழ்வு காட்டுகிறது. அவனுக்குச் சோறு கூலி. வேலையிலிருந்து விரட்டப்பட்டால் அன்றைய சோறும் அத்தோடு நின்றுவிடும்.